பள்ளிக்கரணையை முன்னால் நிறுத்தினேன்

அண்ணா,

இன்றைக்குக் காலையில் ஊசி குத்துவதற்கு முன்னால் இடது கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் வலது கை தன்னால் பக்கத்துக் கட்டில் பக்கம் நீண்டுவிட்டது. உங்கள் கட்டிலில் இப்போது செம்பாக்கத்துக்காரர் ஒருவர் படுக்கிறார். நான் எதற்குக் கை நீட்டுகிறேன் என்று புரியாமல் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டிய டயாலிசிஸ்காரிக்குத் தண்ணீர் பாட்டில்! புது ஆள், பாவம். இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

நாம் பேச ஆரம்பித்ததே சண்டையில்தான். உங்கள் மகன் வேண்டாமென்று தூக்கிப் போட்ட அந்தக் கையடக்க வீடியோ கேம் பெட்டி கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. சத்தத்தை நிறுத்துங்கள், இது என்ன உங்கள் வீடா என்று கேட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. "சும்மா ஃபேன பாத்துகினு கெடக்கறதுக்கு இத்த ஆடும்மா" என்று சொல்லி, டெக்னீசியன் பெண்ணிடம் கொடுத்து அனுப்பினீர்கள்.

ஏதோ ஒரு மந்திர ராஜ்ஜியம். கட்டம் கட்டமாக நிலம், எதிரில் பூதமும் டிராகனும். நாம் ஆளை நகர்த்தினால்தான் எதிரி நகர்வான். நகர்த்தாவிட்டால் எத்தனை நாளானாலும் அப்படியே நிற்பான். ஊசி ஏறிய கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, பெட்டியை நெஞ்சின்மேல் வைத்து மற்ற கையால் ஆடலாம். நம் மாதிரி ஆட்களுக்கென்றே செய்ததோ என்று தோன்றும். உங்களுக்கு ஒரு டர்ன், எனக்கு ஒரு டர்ன். அந்தப் பெண்தான் திட்டிக்கொண்டே இரண்டு கட்டிலுக்கும் நடுவே தபால்காரி வேலை பார்த்தாள்.

வீரர்களுக்கு ஊர்ப் பெயர் வைத்தது நீங்கள். வில்லாளி பல்லாவரம், குதிரைக்காரன் குரோம்பேட்டை, மந்திரக்காரன் சேலையூர். கேடயம் தூக்குகிற தடியனுக்கு உங்கள் ஊர், பள்ளிக்கரணை. காயத்துக்கு மருந்து போடுகிற பெண்ணுக்கு என் ஊர், மாடம்பாக்கம். அவள் கையில் கத்திகூடக் கிடையாது. நான் ஏன் சண்டை தெரியாதவள் என்று கேட்டதற்கு, நீ வாயாலேயே வெட்டுவியே என்றீர்கள்.

செத்த வீரன் திரும்பி வரமாட்டான், அதுதான் அந்த ஆட்டத்தின் கொடுமை. டிராகன் விட்ட நெருப்பில் பல்லாவரம் செத்த அன்று எனக்கு மனசே ஆறவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆடலாம் என்று அடம் பிடித்தேன். "தோத்துகினே போவோம்மா. மொதல்லேர்ந்து ஆட நமக்கு ஏது டைம்?" என்றீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோட்டை வாசலுக்குப் போனபோது மிஞ்சியது இரண்டே பேர், பள்ளிக்கரணையும் மாடம்பாக்கமும். எதிரில் டிராகன். பள்ளிக்கரணை பாய்ந்து அடித்தால், அதிர்ஷ்டம் இருந்தால் ஜெயிப்போம். இல்லையென்றால் இரண்டு பேரும் காலி. அவன் குறுக்கே நின்றால் அவன் மட்டும் போவான், மாடம்பாக்கம் அப்போதைக்குத் தப்பிப்பாள். உங்கள் டர்ன். பெட்டி என் கட்டிலில் இருந்தது. அதற்குள் உங்களுக்கு பிரஷர் இறங்கி, கால் நரம்பு இழுத்து, மெஷினைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். போகும்போது, "நீயே வெச்சிரு. அட்த்த வாட்டி வந்து ஆட்றேன். என் டர்ன தொட்றாத" என்றீர்கள்.

அடுத்த முறை உங்கள் கட்டில் காலி. அதற்கடுத்த முறையும். நம் வார்டில் காலிக் கட்டிலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியாது, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நானும் கேட்கவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. பள்ளிக்கரணைத் தெருவில் தண்ணீர் நிற்கும், மத்தியான ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டிருப்பார் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் பெட்டிக்குச் சார்ஜ் போட்டு எடுத்துப் போனேன், எதையும் தொடாமல். எப்பேர்ப்பட்ட முட்டாள் நான்.

உங்கள் போர்வையையும் ஃபைலையும் வாங்கிப் போக அண்ணி வந்த அன்றுதான் தெரிந்தது. மழை நாளில், வீட்டிலேயே, தூக்கத்தில் என்றார்கள். நான் பெட்டியை நீட்டினேன். நீங்கள் விளையாடுவீர்கள் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஜெயிச்சாராம்மா?" என்று கேட்டார்கள்.

ஆட்டம் இன்னும் முடியவில்லை, இது அவர் டர்ன் என்றேன். அவர்களே பெட்டியை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

தொடாதே என்றீர்கள், தொட்டுவிட்டேன் அண்ணா. அந்த டிராகன் என்னையே பார்த்துக்கொண்டு நிற்பதைத் தாங்க முடியவில்லை. நீங்கள் எதை ஆடியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கரணையை முன்னால் நிறுத்தினேன். ஒரே அடியில் போய்விட்டான். மெஷின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

எனக்கு நல்ல சேதி எதுவும் இல்லை. அக்கா கிட்னி தருகிறேன் என்று வந்தாள், பொருந்தவில்லை. மாற்றுக் கிட்னிக்கான வரிசையில் பெயர் இருக்கிறது, கூப்பிடுவார்கள் என்கிறார்கள். நான் போனைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். அழித்துவிட்டு முதலிலிருந்து ஆடலாம்தான், பொத்தான் இருக்கிறது. அமுக்க மாட்டேன். அது நீங்கள் இல்லாத ஆட்டம்.

இப்போது எல்லாமே என் டர்ன். மாடம்பாக்கம் தனியாக நிற்கிறாள். மருந்துப் பை இருக்கிறது, மருந்து போட்டுக்கொள்ள வேறு யாரும் மிஞ்சவில்லை. ஊசி ஏறியதும் அவளை ஒரு கட்டம் பின்னால் நகர்த்துகிறேன். டிராகன் ஒரு கட்டம் முன்னால் வருகிறது. அன்றைக்கு அத்தோடு மூடி வைத்துவிடுவேன். பின்னால் இன்னும் கொஞ்சம் கட்டம் இருக்கிறது அண்ணா.