புஷ்கரணிப் படியில் கொடுத்த புட்டி

நேற்று உன் கருமாதி. உன் பிள்ளைகள் இருவரும் மொட்டை போட்டு, குளித்து, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்து நின்றார்கள். பெரியவனுக்கென்று எடுத்துப்போன வேட்டியை அவன் கையில் வைத்தேன். "மாமா, நான் சின்னவன்" என்றான். பிறந்ததிலிருந்து பார்த்த முகங்கள். முடியும் மீசையும் போனதும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்று நினைத்து யாரோ சோடா கொடுத்தார்கள். அதையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தேன். என் குணம் உனக்குத் தெரியாததா?

அந்த மிலிட்டரி தண்ணீர்ப் புட்டி உனக்கு நினைவிருக்கும். உலகச் சண்டை முடிந்து மிச்சச் சாமான்களை மெட்ராஸில் கூவி விற்றபோது வாங்கியது. மேலே காக்கிக் கம்பளி உறை. உறையை நனைத்துவிட்டால் வெயிலிலும் தண்ணீர் சில்லென்று இருக்கும். தோளில் மாட்ட வார் தைத்துக் கொடுத்தது நீதான். உன் கடைத் தையல் மெஷினில் இரண்டு ஊசி உடைந்தது. புரட்டாசி வந்தால் நகரியிலிருந்து திருப்பதிக்கு நாம் இருவரும் நடந்தே போவோம். புத்தூர் தாண்டியதும் நீ கை நீட்டுவாய், நான் புட்டியைக் கழற்றித் தருவேன். அதை நான் வேறு யாரிடமும் கொடுத்ததில்லை.

எந்த ஊர் ஆந்திரா, எந்த ஊர் மெட்ராஸ் என்று எல்லை பிரிக்கிற பேச்சு வந்த வருஷம்தான் அந்தப் புட்டி தொலைந்தது. உங்கள் வீட்டில் தெலுங்கு, எங்கள் வீட்டில் தமிழ். அதுவரை அது ஒரு விஷயமாகவே இருந்ததில்லை. பிறகு நான் உன் கடையில் யார் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்று கவனிக்க ஆரம்பித்தேன். நான் வந்தால் பேச்சு நின்றுபோவதாக எனக்குப் பட்டது.

நகரி மெட்ராஸோடு சேரவேண்டும் என்று எங்கள் தெரு முழுக்கக் கையெழுத்துப் போட்ட மனு என்னிடம் இருந்தது. அனுப்புவதற்கு முன் பெருமாள் பாதத்தில் வைத்து எடுக்க வேண்டும் என்று, மெழுகுத்தாளில் சுற்றிப் புட்டியின் உறைக்குள் செருகியிருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. ஆனால் ஏறுகிற வழியில், முழங்கால் முறிச்சான் படிகளில், "இன்னாடா, புட்டி இன்னிக்கு குண்டா கீது?" என்று நீ கேட்டாய். நான் புட்டியை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

மேலே நீ முதலில் மொட்டை போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டாய். நான் பிறகு வந்தேன். புஷ்கரணிப் படியில் சந்தனத் தலையோடு நீ நின்றுகொண்டிருந்தாய். "இதைப் பிடி" என்று புட்டியைக் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன். "ம்" என்று வாங்கிக்கொண்டாய். மூன்று முழுக்குப் போட்டு ஏறினால், நீ வெறுங்கையோடு எதிர்ப் படியிலிருந்து வருகிறாய்.

"புட்டி எங்க?"

"எங்கிட்ட எப்போ குட்த்த?"

"இப்பதான் உன் கையில வெச்சேன்."

"ஒட்டு, நான் வாங்கவேயில்ல."

இத்தனை வருஷம் என்னோடு தமிழில் பேசியவன் சத்தியத்தை மட்டும் தெலுங்கில் செய்தாய். அது போதுமாயிருந்தது எனக்கு. நீ மண்டபம் மண்டபமாகத் தேடினாய். நல்ல நடிப்பு என்று நினைத்துக்கொண்டே நான் பின்னால் வந்தேன்.

மறுபடி கையெழுத்துக் கேட்டபோது பாதிப் பேர் தயங்கினார்கள். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, நகரி ஆந்திராவிலேயே நின்றது. ஒரு தெருவின் மனு ஊரை நகர்த்தியிருக்காது என்று இப்போது தெரிகிறது. அன்று, ஊரையே நீ மடித்து உன் கடைப் பெட்டியில் வைத்துவிட்டதாக நம்பினேன். அடுத்த புரட்டாசியில் நீ வாசலில் வந்து கூப்பிட்டாய். முழங்கால் வலி என்றேன். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் கூப்பிட்டாய், எனக்கு ஒவ்வொரு வருஷமும் முழங்கால் வலித்தது.

நான் அன்று முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு மொட்டையைப் பார்த்தேன், சந்தனத்தைப் பார்த்தேன், நீ என்று முடிவுகட்டினேன். ஆயிரம் மொட்டை திரிகிற மலையில் யாரோ ஒருவன் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அது நேற்றுத்தான் உறைத்தது. தெரியாமல் நடந்த பிழைதானா, அல்லது நீயாக இருக்கவேண்டும் என்று மனதுக்குள் விரும்பினேனா என்று இப்போது என்மேலேயே சந்தேகம்.

நேற்று சாப்பாட்டுக்குப் பிறகு உன் மனைவி சொன்னாள்: "மலைக்குப் போனா சீக்கிரம் எறங்கமாட்டாரு அண்ணா. குளத்துப் படியில உக்காந்துகினு, வர்றவன் போறவன் தோளையே பார்த்துகினு இருப்பாரு. காக்கி புட்டி எதனா தெரிஞ்சா எழுந்து ஓடுவாரு." என்னைக் குத்திக்காட்டத்தான் சொல்கிறாளோ என்று முதலில் தோன்றியது. அவள் முகத்தில் அப்படி எதுவும் இல்லை.

ஒரு வருஷம் நீ மலையிலிருந்து இறங்கியதும், மொட்டையும் புழுதியுமாக நேரே என் வீட்டுக்கு வந்து, "உன் புட்டி மூடிக்கு சங்கிலி இருந்திச்சா, இல்லையா?" என்று கேட்டாய். திருடியவனே ஆழம் பார்க்கிறான் என்று நினைத்து, பதில் சொல்லாமல் கதவைச் சாத்தினேன். அன்று நீ யாருடைய புட்டியைப் பார்த்துவிட்டு வந்தாய், எவ்வளவு தூரம் அவன் பின்னால் நடந்தாய் என்று இனி யாரும் எனக்குச் சொல்ல முடியாது. சங்கிலி இருந்ததப்பா. சின்னச் சங்கிலி, ஓரத்தில் ஒரு கண்ணி வளைந்திருக்கும்.