கண் மூடிய படம்

மகனுக்கு,

ஓவிய வகுப்புக்குப் போகிறேன். நீ தூங்குகிறாய், எழுப்பவில்லை. மருமகள் நேற்றே அவள் அப்பாவோடு கிளம்பிவிட்டதால் நானே சமைத்து மேசையில் மூடி வைத்திருக்கிறேன். உப்பு குறைவாக இருந்தால் போட்டுக்கொள். குழாய் ரிப்பேர்காரர் வருவார். மாடிச் சாவி ஆணியில் தொங்குகிறது.

நேற்று உன் மாமனார் முன்னால் நான் வரைந்த படத்தை நீ எடுத்து நீட்டியது சரியில்லை. நம் வீட்டு விஷயம் வாசற்படி தாண்டிப் பழக்கமில்லை. "என்ன சம்பந்தி, உருளைக்கிழங்கா?" என்று அவர் கேட்டார். "இல்ல மாமா, நான்தானாம்! கண்ண மூடிக் கிடக்கேன் பாருங்க, செத்தே போயிட்டேன் போல" என்று நீயும் சேர்ந்து சிரித்தாய். நான் எழுந்து உள்ளே போனது தலைவலியால் அல்ல.

எனக்கு ஓவியம் கைவராது என்பது எனக்கே தெரியும். மாஸ்டர்கூட, "சார், உங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். நீ தனியாகக் கேலி செய்திருந்தால் பொறுத்திருப்பேன். சம்பந்தி முன்னால் இந்த வீட்டுப் பெரியவன் தலை குனியக் கூடாது.

அப்பா

பி.கு.: கண் ஏன் மூடியிருக்கிறது என்றால், உன் அம்மா போன பிறகு உன் முகத்தை நான் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிஷம் பார்ப்பது நீ சோபாவில் தூங்கும்போதுதான்.

இன்னொன்று. மாலையில் நேரமிருந்தால் ஜன்னலோர நாற்காலியில் கொஞ்சம் உட்கார். பேச வேண்டாம், போனையே பார்த்துக்கொண்டிரு. நடுவில் ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தால் போதும்.