அமே, ஙப்பியில் உப்பு கூடிவிட்டது

அமே, இன்று காலை பக்கத்து வீட்டு டோ மியா ஙப்பி சுட்டார். அந்தப் புளித்த மீன் விழுதின் வாடை சன்னல் வழியே வந்ததும் அப்பா அந்தப் பக்கம் தலையைத் திருப்பினார். நீ கண்ணை மூடிய பிறகு தயிர்ச்சோற்றில் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறார். சட்டை தோளில் தொங்குகிறது. என்னால் உட்கார முடியவில்லை. ஙப்பி வாங்கத் தாமுவே சந்தைக்கு ஓடினேன்.

நீ ஙப்பியைக் கொதிக்கவிட்டு, முள் போக வடிகட்டி, சுட்ட மிளகாயும் பூண்டும் இடித்துப் போட்டு, காய்ந்த இறால் பொடி தூவுவாய். சுற்றிலும் அவித்த வெண்டை, சுரைக்கொழுந்து, மாங்காய். மீனிலும் இறாலிலும் புரதம் உண்டு, சுண்ணாம்புச் சத்தும் உண்டு, ஆனால் அந்த உப்பு அப்பாவின் பிரஷருக்கு ஆகாது என்று கல்லூரியில் படித்ததை மெல்லச் சொல்வேன். "நம்ம தமீயப் பாருங்க, வீட்டுல மொதப் பட்டதாரி, ஙப்பிக்கும் பரீட்சை வைக்குது" என்று, மகள் என்பதை உன் மொழியிலேயே சொல்லி, அப்பாவிடம் சிரிப்பாய். ஆனாலும் அவர் கிண்ணத்தில் மட்டும் எலுமிச்சையைக் கூடுதலாகப் பிழிவாய். அவரோ, "இந்த நாத்தத்துக்கு நான் ஆத்தத் தாண்டித் தாகேதாவுக்கே ஓடிப்போறேன்" என்பார். முதல் ஆளாக வந்து உட்காருவார்.

இன்று என் கை தப்பு செய்தது. ரசத்துக்குப் போடுவதுபோல் கடைசியில் உப்பு போட்டுவிட்டேன். "உப்பு மீனோடயே வந்துருச்சு" என்று கையைத் தட்டிவிட நீ இல்லை. வெந்நீர் ஊற்றினேன், எலுமிச்சை பிழிந்தேன், போதவில்லை. கொட்டிவிடலாமா என்று நிற்கையில் உள்ளேயிருந்து அப்பாவின் குரல்: "யாருடி அது, வீட்ட நாறடிக்கிறது?"

எத்தனை வாரமாயிற்று அந்தக் குரலைக் கேட்டு!

பெரியவர்கள் வீட்டில் இல்லாத நாளிலும் முதல் கரண்டியை அவர்களுக்கென்று எடுத்து வைப்பாயே, அதுபோல உனக்கு ஒரு கரண்டி சோறும் கொஞ்சம் ஙப்பியும் தனியாக வைத்தேன். அப்பா அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்புக் கரிக்குது. அவ திங்கமாட்டா."

உன் பங்கைத் தன் தட்டுக்கு இழுத்துப் பிசைந்து தின்றார். பிறகு தன் சோற்றையும். "இன்னுங் கொஞ்சம் போடு" என்றார். சோற்றைப் போட்டு, ஙப்பிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி, சுரைக்கொழுந்தை அவர் பக்கம் தள்ளினேன். முறைத்தார். தின்றார்.

இப்போது தூங்குகிறார். பிரஷர் பார்க்கும் பட்டையோடு அவர் விழிக்கக் காத்திருக்கிறேன். நல்லது செய்தேனா, கெடுதல் செய்தேனா, தெரியவில்லை. கழுவியும் விரலில் வாடை போகவில்லை. நாளைக்கும் கேட்பார். உப்பு ஜாடியை மேல்தட்டில் ஏற்றிவிட்டேன். எடுக்க வேண்டுமானால் இனி நான் எம்ப வேண்டும். என் கையைத் தட்டிவிட உனக்கு நேரம் கிடைக்கும்.