எந்த ஊர் என்று கேட்டார், இறங்கிவிட்டேன்

மாஸ்டர்,

இன்று காலை எழும்பூரில் ஒரு வாடகைக் காரின் பின்கதவைத் திறந்தேன். வெயிலில் சூடேறிய சீட் உறையின் வாடையும், கண்ணாடியருகே தொங்கிய நேற்றைய மல்லிகையின் வாடையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. முன் இருக்கையிலிருந்து நீங்கள், "ஏறு ஜியாகிரபி, காரு இன்னா கடிச்சிடுமா?" என்று அதட்டுவீர்கள் என ஒரு கணம் காத்து நின்றேன். ஓட்டுநர்தான் திரும்பிப் பார்த்தார்.

செங்கல்பட்டில் ஒரே பள்ளியில் நீங்கள் டிரில் மாஸ்டர், நான் பூகோள ஆசிரியர். உலகப் படத்தில் எந்த ஆற்றைக் கேட்டாலும் காட்டிவிடுவேன். பக்கத்திலிருக்கும் சென்னையில் மட்டும், ரயில் நிலையத்துக்கு வெளியே நாலு பேர் "சார், டாக்சி! எங்க போவணும்?" என்று சூழ்ந்துகொண்டால் எனக்குத் திசை மறந்துவிடும். இடது கண்ணில் நீர் கோத்து, மாதாமாதம் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்று ஆனபோது, ஊசியைவிட அந்த நிலைய வாசலுக்குத்தான் பயந்தேன். ஊசி தவறினால் பார்வை குறையும், குறைந்தது திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் சொல்லாமலே நீங்கள் கூட வந்தீர்கள்.

"கத்தி கூப்புடறான் பாரு, அவன்கிட்ட போவாத" என்று என்னை டீக்கடைக்கு இழுத்துப் போவீர்கள். கிளாஸை உறிஞ்சியபடி கடைக்காரரிடம், "அண்ணாத்த, இங்கேர்ந்து கண்ணாஸ்பத்திரிக்கு இன்னா கேப்பாங்கோ?" என்பீர்கள். அவர் சொன்ன தொகையை மனத்தில் வைத்துக்கொண்டு, ஓரமாகச் சும்மா நிற்கும் ஓட்டுநரிடம் போவீர்கள். அங்கும் எடுத்த எடுப்பில் வாடகை பேச மாட்டீர்கள். "எந்த ஊருப்பா நீ?" என்பதுதான் முதல் கேள்வி. மதுராந்தகம் பக்கம் என்று அவர் சொல்லிவிட்டால் போதும், "நான் கருங்குழிப்பா" என்று தோளில் கை போட்டுவிடுவீர்கள். நான் பின்னால் உட்கார்ந்து, கைப்பேசி வரைபடத்தில் ஒவ்வொரு திருப்பத்தையும் சரிபார்த்துக்கொண்டு வருவேன். "இன்னா ஜியாகிரபி, சரியாப் போவுதா? ஆப்பிரிக்கா வந்துச்சுனா சொல்லு" என்பீர்கள். ஓட்டுநரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒருமுறை அப்படிக் கேட்டதற்கு ஓட்டுநர், "கோவளம்" என்றார்.

"கோவளமா! வூட்டுக்கு எப்ப போவ?"

"ஒங்கள உட்டுட்டு சாப்பாட்டுக்குப் போவணும்."

"காலியாத்தான போற? ஊசி போட்டதும் எங்களையும் இட்டுகினு போ. அங்கேர்ந்து பஸ்சு புடிச்சிக்கிறோம். ரிட்டன் காசு மட்டும் கேக்காத."

"இன்னா நைனா, ஏறச்சொல்லவே எறங்கற கணக்கையும் பேசிட்டியே" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்று வழியில் முட்டுக்காட்டுப் படகுத்துறையில் வண்டியை நிறுத்தச் சொன்னீர்கள். எனக்கு ஒரு கண்ணில் கட்டு, மற்றதில் கண்ணீர், எதிரே வெறும் வெளிச்சம். நீங்கள்தான் பார்த்துச் சொன்னீர்கள். "போட்டுல ஒரு குடும்பம் போவுது. பொண்டாட்டி புள்ளைங்க ஜாலியா கீதுங்கோ. அப்பங்காரன் மட்டும் பயந்துகினு கம்பியப் புடிச்சிகினு கீறான், உன்ன மாரியே." கண்ணில் கட்டு விழுந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

போன மழைக்காலத்தில் மார்வலி என்று உங்களை ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது நீங்கள் இல்லை. அதற்குப் பிறகு நான் ஊசிக்குப் போகவில்லை. வெளிநாட்டிலிருக்கும் என் மகன், "போன்லயே புக் பண்ணுங்கப்பா, பேரு, நம்பர், ரேட்டு எல்லாம் அதுலயே வரும்" என்கிறான். எல்லாம் வந்தது. அழுத்த வேண்டிய இடத்துக்கு விரல் போகவில்லை.

இன்று எப்படியோ கிளம்பிவிட்டேன். நீங்கள் செய்ததையெல்லாம் அதே வரிசையில் செய்தேன். டீக்கடைக்காரரிடம் கேட்டேன். கத்தாத ஓட்டுநரைத் தேடிப் போனேன். அவரும் கடைக்காரர் சொன்ன தொகையைத்தான் சொன்னார். வண்டி எண்ணைப் பார்த்துக்கொண்டு ஏறினேன். முதல் சிக்னலில் அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"தனியாவா வந்தீங்க சார்? எந்த ஊரு ஒங்களுக்கு?"

கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டேன். தனியாக வந்தவன் என்று ஏன் உறுதிசெய்துகொள்கிறார், ஊரைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறார் என்று உள்ளுக்குள் ஓடிற்று.

"வூட்ல யாரும் கூட வரலியா?"

"நிறுத்துங்க. நான் இறங்கணும்."

"ஆஸ்பத்திரி இன்னும் தூரங்கீது சார்."

"இறங்கணும்" என்று கத்தினேன். கத்தினது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை.

ஓரங்கட்டினார். "வயசானவராச்சேனு பேச்சு குடுத்தேன். நான் இன்னா ஒங்கள முழுங்கிடுவேனா?" என்றார். நான் நீட்டிய பணத்தை வாங்கவில்லை. "வேணா சார். பாத்துப் போங்க." நான் நடைபாதையில் ஏறும்வரை வண்டியை எடுக்கவுமில்லை.

நல்ல மனிதர், மாஸ்டர். நியாயமான வாடகை, சரியான வழி. நீங்கள் எத்தனையோ பேரிடம் கேட்ட அதே கேள்வியைத்தான் அவர் என்னிடம் கேட்டார். அதைக் கேட்டு நீங்கள் ஆட்களைச் சேர்த்தீர்கள். கேட்டவரை நான் திருடனாக்கிவிட்டு வந்தேன். பார்த்தவுடன் ஒருவரை நம்பிவிடுவது எப்படி என்று உங்களிடம் கேட்டுக்கொள்ளாமல் போனேன். இனி யாரைக் கேட்பது?

திரும்பும் ரயிலில் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். தண்டவாளத்தோரக் கம்பங்கள் இடுப்பில் வளைந்து நின்றன. நடுவில் ஒரு சாம்பல் திட்டு. இந்த வரிகளை எழுதும்போதும் வலது கண்ணைப் பொத்தினால் அது இருக்கிறது. எழுதும் சொல்லை விழுங்கிவிட்டு இரண்டு பக்கமும் தாளை மட்டும் காட்டுகிறது.

மாலையில் மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் பேசினாள். "இன்னிக்கும் வரலியே சார். நாளைக்காவது வந்துடுங்க. ஊசி போட்டா தனியா அனுப்ப மாட்டோம், கூட யாராவது வராங்களா?"

வருகிறார் என்றேன்.

"அவங்க பேரு சொல்லுங்க சார், எழுதிக்கிறேன்."

உங்கள் பெயரைச் சொன்னேன்.