மதினி வைத்த பூண்டுத்தாள்

என் பிரியமான சண்டைக்கார மதினிக்கு,

உங்கள் பூண்டுத்தாள் உயிரோடுதான் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அங்கேயும் உங்களுக்கு நிம்மதி இருக்காது. முதலாளி வீட்டம்மா சீனாவுக்குப் போய்வந்து கொடுத்த விதை. அழகுக்கு வைக்கிற வெங்காயச் சாதியாம், தின்னவும் செய்யலாமாம் என்று நீங்கள் சொன்னபோது நான் சிரித்தேன். பட்டாசுக் கம்பெனிக் கூலிக்காரி வீட்டில் பூந்தொட்டி ஒன்றுதான் குறைச்சல் என்றேன்.

நீங்கள் செய்த மாதிரியேதான் செய்கிறேன். செம்மண்ணோடு பாதி மணலும் ஆட்டுப்புழுக்கையும். நல்ல வெயிலில் வைக்கிறேன், தண்ணீர் தேங்க விடுவதில்லை. தாளைப் பிடுங்காமல் அடியில் இரண்டு விரல்கடை விட்டு அறுத்தால் மறுபடி துளிர்த்துவிடுகிறது. தூர் பெருத்ததும் பிரித்து இன்னொரு தொட்டியிலும் நட்டேன். அங்கேதான் வினை வந்தது.

அந்தப் பழைய தொட்டிக்குள் மழை லில்லிக் கிழங்கு கிடந்தது எனக்கு எப்படித் தெரியும்? மழையில் நான் நட்டது அழுகிப்போய், கிழங்கு கிளம்பிவிட்டது. பூக்காதவரை இரண்டும் ஒரே பச்சை.

தீபாவளி சீசன். நானும் அண்ணனும் கம்பெனியிலிருந்து வந்த கையோடு அதை அறுத்தோம். அண்ணன் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து, "பூண்டுதான் தாயி, அவ வச்சதுல்லா" என்றார். நானும் கசக்கிப் பார்த்தேன். அதே நெடி. முட்டையில் போட்டுப் பொரித்தேன்.

உங்கள் மகள் தட்டைத் தள்ளிவிட்டாள். "இது அம்மாது இல்ல அத்தே. வாடையே இல்ல."

"ஏட்டி, அம்மா வச்சதத் திங்க ஒனக்கு என்ன வலிக்கி?" அண்ணன் கையை ஓங்கிவிட்டார். நீங்கள் கண்மூடிப் போனதிலிருந்து அவருக்கு மூக்கு நுனியில்தான் கோபம். வீம்புக்கு அவரே அள்ளித் தின்றார்.

அவள் அழவில்லை. ஓடிப்போய் அந்தத் தொட்டியில் ஓர் இலை கிள்ளி, தன் கையால் கசக்கி என் மூக்கில் வைத்தாள். வெறும் புல் வாடை. பிறகு உங்கள் தொட்டியிலிருந்து ஒன்று. சுரீரென்று பூண்டு ஏறியது.

நாங்கள் முகர்ந்தது எங்கள் கையைத்தான், மதினி. நாளெல்லாம் கந்தகம் அளைந்த கை, எந்தச் சோப்புக்கும் போகாத வாடை.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் வாந்தி எடுத்தார்; மழை லில்லி விஷமாம். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது பிள்ளை என் மடியில் உட்கார்ந்து, "அப்பாவும் போயிருவாகளா?" என்று கேட்டாள். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? விடிந்து அவர் காப்பி கேட்ட பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

இப்போது தாள் அறுப்பது அவள் வேலை. அவள் கசக்கிப் பார்த்துச் சரி என்றால்தான் அடுப்பில் ஏறும்.

நேற்று அண்ணன், "லீவுதான, இவளையும் திரி அடுக்கக் கூட்டிட்டுப் போவமா? ஆர்டர் அம்புட்டு கெடக்கு" என்றார். அவர் கையைப் பிடித்து அவர் மூக்கிலேயே வைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன், மதினி. இந்த வீட்டில் ஒரு கையாவது கந்தகம் படாமல் இருக்கும். அவளைக் கம்பெனி வாசல் மிதிக்க விடமாட்டேன்.

உங்கள் மகளின் அத்தை,
உங்கள் நாத்தனார்