கோதுமையை விஷம் என்றீர்களே, காக்கா

காக்கா, உங்களை அண்ணனாக நினைத்துத்தான் சொல்கிறேன், நீங்கள் உங்கள் மனைவியை, எங்கள் லாத்தாவைக் கொன்றுகொண்டிருக்கிறீர்கள். உங்களை அடக்கம் செய்து ஏழு மாதம் ஆகிறது, இன்னும் நிறுத்தவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. டூட்டி இல்லை. டூல் பையைக் கவிழ்த்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அடித்துணிக்குக் கீழேயிருந்து ஒரு காலிங் கார்டு விழுந்தது. எண்ணை மறைக்கும் வெள்ளிப் பட்டை சுரண்டாமல் அப்படியே இருந்தது. நீங்கள் கேட்டு நான் வாங்கி வந்த கார்டு. ஆஸ்பத்திரி வார்டு வரைக்கும் கொண்டு வந்தேன். வாயில் குழாயோடு நீங்கள் கிடப்பதைப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். பையின் அந்த மூலைக்குக் கையை விடாமலேயே ஏழு மாதம் வேலை பார்த்திருக்கிறேன்.

கார்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். போன வாரம் லாத்தா காயல்பட்டினத்திலிருந்து போன் பண்ணியிருந்தார்கள். உங்கள் கம்பெனிப் பேப்பரில் ஏதோ ஒரு கையெழுத்து விட்டுப்போனது பற்றிக் கேட்கத்தான். பேச்சோடு பேச்சாக, கடைத்தெருவிலிருந்து வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு காலில் செருப்பு இல்லை, எங்கே கழன்றதென்றே தெரியவில்லை என்று சொல்லிச் சிரித்தார்கள்.  உங்களுக்கும் அப்படித்தானே காக்கா, கால் மரத்துப்போய் ஆரம்பித்தது? சுகர் மாத்திரை போடுகிறீர்களா லாத்தா என்று கேட்டேன். அவஹதான் விடச் சொன்னாஹளே என்றார்கள்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நீங்கள் மறுத்துப் பேசப்போவதில்லை, எனக்கும் எங்கே யார் பிசகினோம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இங்கே அமீரகத்தில், அல் ஐனில் நம் சூப்பர் மார்க்கெட்டைப் பெரிதாக்கியபோது உங்களைப் பருப்பு மூட்டைப் பக்கமிருந்து எடுத்து, கண்ணாடிக் கதவுக்கு அருகே புதிதாக வைத்த அலமாரிக்கு மாற்றினார்கள். ஆரோக்கிய உணவு என்று மேலே பச்சை எழுத்தில் போட்டிருந்தது. நான் எதிரிலிருந்த ஃப்ரீசருக்குக் கேஸ் நிரப்புகிறவன். அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன். வியாழக்கிழமைதோறும் ஒரு வெள்ளைக்கார அம்மாள் மெலிந்த பையனோடு வருவாள். அந்தப் பையனுக்குக் கோதுமை சேராது. குடலையே அரித்துவிடும் நோய். அவனுக்கு ஏழு வயது, பார்த்தால் நான்கு சொல்லலாம். கோதுமை இல்லாத மாவு கிடைத்த சில மாதங்களில் அவன் கன்னத்தில் சதை வைத்ததை நீங்கள்தான் முதலில் கவனித்தீர்கள். பாக்கெட் தீர்ந்துபோகும் வாரத்தில் அவளுக்கென்று இரண்டை அட்டைப்பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைப்பீர்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் கடையில் நடந்த ஒரே நல்ல காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

அந்தப் பையனுக்கு அது மருந்து. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதே மாவை வாங்க வில்லாக்களிலிருந்து வேறு ஆட்களும் வந்தார்கள். ஒரு நோயும் இல்லாதவர்கள். ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டு, உடம்பு லேசாக இருக்கும் என்று ட்ரைவரை விட்டு டிராலியை நிரப்பினார்கள். நீங்கள் மயங்கியது அங்கேதான்.

"பெரிய வூட்டுக்காரஹ, படிச்சவஹ. சும்மாவா வாங்குறாஹ?" என்று ரூமில் வந்து சொன்னீர்கள்.

நம் ஆட்களுக்கு இதுதான் வியாதி. பணக்காரன் டிராலியைப் பார்த்து உலகத்தைப் படிப்பது. அவன் ஏன் வாங்குகிறான், நாளைக்கு ஏன் விடுவான் என்று நமக்குத் தெரியாது. அவன் எதைத் தின்றாலும் தலைவலித்தால் மதியத்துக்குள் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பான். நாம் கிளினிக் போக அரை நாள் லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

அதே சமயம் ஸ்டாஃப் ரூம் சுவரில் யாரோ இமெயிலில் வந்ததை அச்செடுத்து ஒட்டினார்கள். அமெரிக்காவில் தக்காளிக்குள் மீனின் மரபணுவை வைத்துவிட்டார்கள், சோளத்தையும் மாற்றிவிட்டார்கள், தின்றால் பிள்ளை பிறக்காது என்று. நீங்கள் நின்று நிதானமாக என்னைப் படித்துக் காட்டச் சொன்னீர்கள்.

"காக்கா, நான் மீனத் தின்னே வளந்தவன். தக்காளிக்குள்ளயே மீன் இருந்தா கொழம்புக்கு ஒரு வேல மிச்சம்" என்றேன். தூத்துக்குடிக் கடற்கரைக்காரன் வேறு எப்படிப் பேசுவேன். நீங்களும் சிரித்தீர்கள். அப்போதெல்லாம் சிரித்தீர்கள்.

காலாவதி நாள் நெருங்கிய சாமான்கள் அலமாரியிலிருந்து இறங்கி ஸ்டாஃபுக்கு வரும். அப்படித்தான் அந்த மாவும் பிஸ்கட்டும் சனாயா தொழிற்பேட்டையில் நம் ரூமுக்கு வந்தன. நீங்கள் அதை ரொட்டி தட்டினால் சட்டியிலேயே சுண்ணாம்பு மாதிரி உதிரும். அதை எடுத்து அள்ளித் தின்றீர்கள். உங்களுக்குச் சுகர் என்று தெரிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வியாதிக்காரன் என்று கம்பெனிக்குத் தெரிந்தால் விசாவைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்ற பயம் உங்களுக்கு. மாத்திரை டப்பாவைக் கூடத் தலையணை உறைக்குள் வைத்திருந்தீர்கள். அந்தப் பயத்துக்கு மருந்து அந்த மாவுப் பையில் இருப்பதாக நினைத்துவிட்டீர்கள். கோதுமையே விஷம் என்று சொல்லி, தினம் தின்ற அரபு ரொட்டியை, குப்பூஸை விட்டீர்கள். கொஞ்ச நாளில் மாத்திரையையும் விட்டீர்கள்.

நான் பையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்துச் சொன்னேன். "காக்கா, இது அரிசி மாவு, உருளக்கெழங்கு மாவு. பிஸ்கட்டுல சீனி வேற. சுகர்காரனுக்குக் குப்பூஸே தேவல."

"அப்ப அந்தப் பிள்ளைக்கு எப்படித் தம்பி சரியாச்சி?"

நல்ல கேள்வி. நிதானமாக உட்கார்ந்து பதில் சொல்லியிருக்க வேண்டிய கேள்வி. அவன் நோய் வேறு, உங்கள் நோய் வேறு, அவன் பூட்டுக்குச் சாவி இது என்றால் உங்கள் பூட்டுக்கும் இதே சாவி ஆகாது என்று பத்து தடவை சொல்லியிருக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. படித்தவன் என்ற திமிரும் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை என் சமையல் முறை. வெள்ளிக்கிழமை மதியம் ஆறு பேரும் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது நீங்கள் அந்த ரூமில் கொண்டு வந்த வழக்கம். ஒரே பெரிய தட்டு, ஆறு கை. மாதா படம் வைத்திருக்கிற என்னையும் முதல் நாளே கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தீர்கள். அன்றைக்கு நான் சோற்றின் மேல் ஆணக் குழம்பை ஊற்றிவிட்டு, ஒரு குப்பூஸைப் பிய்த்து உங்கள் பக்கமாக வைத்தேன்.

"விஷம் வந்திருக்கு காக்கா. பிஸ்மி சொல்லி ஆரம்பிங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். நீங்கள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தீர்கள். அதன் பிறகு அந்தச் சஹனில் நீங்கள் உட்காரவே இல்லை. கட்டிலில், சுவரைப் பார்த்து, உங்கள் உதிர்ந்த ரொட்டியைத் தின்றீர்கள். நான் வாதத்தில் ஜெயித்தேன் காக்கா. அதற்கப்புறம் நான் சொல்லும் எதையும் நீங்கள் கேட்கவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

பிறகு ஒரு நாள் மாடிப்படியில் நின்று லாத்தாவோடு போனில் பேசினீர்கள். நான் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஏறிவந்தேன். லாத்தாவுக்கும் சுகர் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "மாத்திரைய வுட்டுரு. நான் வுட்டு மூணு மாசமாச்சி, நல்லாத்தான் இருக்கேன். கோதுமயத் தொடாதெ" என்றீர்கள். கேனை இறக்கி வைத்துவிட்டு அந்த போனைப் பிடுங்கியிருக்க வேண்டும். உங்களைத் தாண்டி ஏறிப் போனேன்.

பிறகு ரூமில் நாற்றம் வந்தது. ஏ.சி.யில் எலி செத்துக் கிடக்கிறது என்று எல்லோரும் என்னைத் திட்டினார்கள். மூன்று தடவை ஃபில்டரைக் கழற்றிக் கழுவினேன். வடிகால் குழாயை ஊதினேன். நாற்றம் உங்கள் ஷூவுக்குள் இருந்தது. ஷூ கடித்த புண்; உங்களுக்கு வலிக்கவில்லை. சாக்ஸைக் கழற்றியபோது அதோடு தோலும் வந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இப்போதெல்லாம் குளித்துவிட்டு வந்து என் பாதத்தைக் கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஒரு நாளைக்கு நான்கு தடவை பார்க்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கால் விரல்களை எடுத்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. மூன்றாம் நாள் என்னை அருகே கூப்பிட்டீர்கள். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நீங்களாகக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். "தம்பி, ஒரு கார்டு வாங்கிட்டு வா. அவகிட்ட ஒன்னு சொல்லணும்."

என்ன சொல்ல இருந்தீர்கள்? மாத்திரையைப் போடு என்று சொல்ல இருந்தீர்கள் என்று நான் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். வேறு எதுவாகவும் இருக்கலாம். நான் திரும்பி வந்தபோது உங்களுக்கு நினைவு தப்பியிருந்தது.

அந்த அலமாரியில் இப்போது அந்த மாவு ஒரு மூலையில் நாலு பாக்கெட்தான். வில்லாக்காரர்கள் விட்டுவிட்டார்கள். ஏதோ ஒரு விதை வந்திருக்கிறது, அதைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் குடிக்கிறார்கள். அவர்களில் யாருக்கும் ஒரு நகம் கூடப் போகவில்லை. வெள்ளைக்கார அம்மாள் மட்டும் இன்னும் வருகிறாள். பையன் வளர்ந்துவிட்டான். எனக்காகப் பாக்கெட் எடுத்து வைப்பாரே, அவர் எங்கே என்று கேட்டாள். ஊருக்குப் போய்விட்டார் என்றேன்.

அந்தக் கார்டை நேற்று சுரண்டினேன் காக்கா. லாத்தாவுக்குப் போட்டேன். பொய் சொன்னேன்.

"லாத்தா, காக்கா ஆஸ்பத்திரியில வச்சி கடைசியா எங்கிட்ட ஒன்னு சொன்னாவ. மாத்திரைய வுட்டது தப்பாப் போச்சி, அவளப் போடச் சொல்லுன்னாவ."

 ஏழு மாதமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள் என நினைத்து அதற்கும் ஒரு பொய் வைத்திருந்தேன். அவர்கள் அதைக் கேட்கவில்லை.

"என்னெ என்ன பேரு சொல்லிச் சொன்னாஹ?"

"‘அவ’ன்னுதான் லாத்தா."

"மத்தவஹகிட்ட ‘அவ’ன்னுதான் சொல்லுவாஹ. எனக்குச் சொல்லி அனுப்புனா அந்தப் பேரோடதான் அனுப்புவாஹ. எங்க ரெண்டு பேருக்கும் மட்டும் தெரிஞ்ச பேரு. சொல்லு தம்பி."

எனக்குத் தெரியவில்லை.  லாத்தா கோபப்படவில்லை. அழவும் இல்லை. "நீ நல்ல மனசாத்தான் சொல்றா" என்றார்கள். "மவுத்தாகிப் போயிட்டவஹ பேச்சி. அவஹ சொன்னதெ அவஹதான் மாத்தணும்." பிறகு கார்டில் ஒரு நிமிடம்தான் பாக்கி என்று அந்த மெஷின் குரல் சொன்னது. அந்த ஒரு நிமிடமும் தீர்ந்து லைன் அறுந்தது.

டாக்டர் சொன்னாலும் கேட்கமாட்டார்கள், நான் சொன்னாலும் கேட்கமாட்டார்கள். நீங்கள் போனில் சொன்ன இரண்டு வரியை ஓதல் மாதிரி வைத்திருக்கிறார்கள். அந்தப் பூட்டைத் திறக்க ஒரு பெயர் போதும். இன்று காலையிலிருந்து யோசிக்கிறேன். மாடிப்படியில், கட்டிலில், பெருநாள் காலையில் நீங்கள் பேசியதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். ஒருமுறை நீங்கள் போனில் குரலைத் தாழ்த்தி, யாரும் கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்து, ஏதோ ஒரு வார்த்தை சொல்லிச் சிரித்தீர்கள். அன்றைக்கு மட்டும் நான் நாகரிகமாக ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

பொய் சொல்லத்தான் கேட்கிறேன். மறைக்கவில்லை. உங்கள் பெயரால் பொய் சொன்ன பாவம் என்னோடு இருக்கட்டும். சஹனில் நான் செய்ததையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். லாத்தாவின் கால் இன்னும் கெடவில்லை, நேரம் இருக்கிறது. இன்னொரு கார்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

லாத்தாவை நீங்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள்? சொல்லுங்கள், காக்கா.