இரண்டாவது லாரி

2 ஜூலை 2025
முதல் வேலை. சிவகாசி காலண்டர் லோடுடன் மூன்று லாரிகள் பத்து மீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடப்போகின்றன. முன்லாரி பிரேக் பிடித்தால் மற்ற இரண்டும் தாமே பிடிக்கும். காற்றுத்தடை குறையும், டீசல் மிஞ்சும். வேகப் பதிவுகள் என் பொறுப்பு.

9 ஜூலை
ஆட்களே ஓட்டிய பதினோரு நாள் பழைய பதிவுகள். பதினோரு நாளும், காலை ஏழேகாலுக்கு, சூலக்கரைக்குப் பாதை பிரியும் விலக்கில் இரண்டாவது லாரியின் வேகம் மட்டும் விழுகிறது. அதை ஓட்டிய அய்யாதுரை அண்ணாச்சியிடம் கேட்டேன்.

“மொத வண்டி போயிரும். ரெண்டாவது வண்டிக்காரன் லைட்டப் போட்டு மெதுவா வருவான். பொம்பளையாளுக தாண்டிப்போயி பட்டாசு கம்பெனி பஸ்ஸப் பிடிச்சிருவாக. எம்புட்டோ வருசமா இப்பிடித்தான் தம்பி. ஒங்க மிசினு லைட்டு போடுமாக்கும்?”

சிரித்தேன்.

10 ஜூலை
மேலாளர் தருண்குமார்: “இது டிரைவர் பழக்கம், ரியாஸ். கிராஃப் அசிங்கமா இருக்கு, எடுத்துருங்க.”

எடுத்தேன். பதினோரு வரிகள். கோடு நேரானது. அழகாகக்கூட இருந்தது.

4 செப்டம்பர்
முதல் ஓட்டம். ஏழேகால். முதல் லாரி போனதும் தங்கத்தாய் என்ற பெண் வழக்கம்போலச் சாலையில் இறங்கியிருக்கிறார். இரண்டாவது, பத்து மீட்டரில். அதில் ஸ்டியரிங் பிடித்திருந்த அய்யாதுரை பிரேக்கை மிதித்தும் போதவில்லை.

தங்கத்தாயின் இடது கால்.

இத ஏன் ஒருத்தரும் முன்னாடியே சொல்லல? — சொன்னாரே அண்ணாச்சி. எங்கிட்டதான சொன்னாரு.

6 செப்டம்பர்
மருத்துவமனை. தங்கத்தாய் கூரையைப் பார்த்தபடி பேசினார்.

“அய்யாதொர அண்ணன் மூஞ்சி தெரிஞ்சுச்சு. அவரு வழி விடுவாருன்னுதான எறங்குனேன்.” பிறகு என்னிடம், “நீங்க பேப்பர்காரகளா?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

12 செப்டம்பர்
விசாரணை. அந்த இடத்தில் எப்போதும் வழிவிட்டுத்தான் ஓட்டுவோம், இந்த ஏற்பாடுதான் விடவில்லை என்கிறார் அய்யாதுரை. பழைய பதிவில் அதற்குச் சான்று உண்டா என்று என்னைக் கேட்டார்கள்.

“ஃபைல்ல இல்ல சார்.”

பொய் இல்லை.

13 செப்டம்பர்
பொய்.

19 செப்டம்பர்
டிரைவரின் கவனக்குறைவு என்று முடித்துவிட்டார்கள். அவருடைய லைசென்ஸ் போயிற்று. ஓட்டங்கள் தொடரும்.

14 அக்டோபர்
சூலக்கரை விலக்கு, ஏழேகால். இப்போது மூன்று லாரிகளின் வேகமும் சேர்ந்தே குறைகிறது. எந்திரத்தில் பிழையா? நேரில் போனேன்.

சாலையோரம் அய்யாதுரை, கையில் சிவப்புத் துண்டு. முன்லாரி நின்றது. பின்னால் இரண்டும் தாமே நின்றன. பெண்கள் தாண்டினார்கள்.

என்னைப் பார்த்தார். “சாப்பிட்டீகளா தம்பி?” அவ்வளவுதான்.

மதியம் தருண்குமார் திரையைத் தொட்டுக் காட்டினார். “மறுபடி அதே எடம். எடுத்துருங்க.”

எடுத்தேன். கோடு நேராக இருக்கிறது.